வல்கொல்லைக்குக் கடல் வந்த வரலாறு

இரும்பு துருப்பிடிக்கும். இது இயற்கை. துருப்பிடிக்கும் முன்னரே அதனைத் தடுத்தல் வேண்டும். இது அரச கொள்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது, கொடகவெலவுக்கு மேலே, பஸ் போகிற வரைக்கும் போய் அப்புறம் நடந்து ஏறவேண்டிய எங்கள் வல்கொல்லைத் தேயிலைத் தோட்டம். நடந்ததை நடந்தபடி, உத்தியோகத்தர் எவருடைய மனமும் கோணாதவாறு, இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் கீழ் டிவிசனில் ஒரு பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். வரிசையாகச் சேலைத் தொட்டில் கட்டி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டைப் பாடித் தூங்கவைப்பவர் ஆயா கருப்பாயி அக்கா. கூரை கொங்கிரீட் ஸ்லாப். எவரோ ஒருவர் எந்தக் காலத்திலோ நல்ல எண்ணத்தோடும் கெட்ட சீமெந்தோடும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே கிடக்கிற கம்பி துருப்பிடித்து, ஊதிப் பருத்து, தன்னைச் சுற்றியிருக்கும் கொங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. அதனால் கூரை துண்டு துண்டாகக் கீழே விழும். சில நாள் மாங்கொட்டை அளவு, சில நாள் தேங்காய் மூடி அளவு. துண்டு விழுந்த இடத்தில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

விஜயகலாவின் மகள் மதுஷா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். விஜயகலாவின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மாமியார் இல்லை, தாய் வேறு தோட்டத்தில். பிள்ளையைக் காம்பராவில் விடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. நாங்கள் எல்லாம் சாமி கும்பிடத்தான் மேலே பார்ப்போம். அவள் தினமும் காலையில் காம்பரா வாசலில் நின்று அந்தக் கூரையைப் பார்ப்பாள். பிறகு பிள்ளையைப் பார்ப்பாள். பிறகு மலைக்கு ஏறுவாள்.

புதிய பிள்ளைக் காம்பரா ஒன்றுக்கு அனுமதி வந்தது. அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழும்பியது, கம்பி வந்தது, ஓயாவுக்குப் பக்கத்தில், அதாவது எங்கள் ஓடைக் கரையில், மணலும் கல்லும் வந்து குவிந்தன. ஸ்லாப் மட்டும்தான் பாக்கி. ஆடிக்குள் பிள்ளைகளை மாற்றிவிடலாம் என்று கருப்பாயி அக்கா புதுக் காம்பராவில் எந்த மூலையில் எந்தத் தொட்டில் என்றுகூட முடிவு செய்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றறிக்கை வந்தது.

நாட்டின் வேறெங்கோ ஒரு பாலம் கம்பி துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டதாம். அதையொட்டி 'கட்டடக் கம்பித் துருத் தடுப்பு மற்றும் முன்னெச்சரிக்கைக்கான விசேட செயலணி' என்ற ஒன்று நிறுவப்பட்டது. கொங்கிரீட்டுக்குள் புதைக்கப்படும் எந்தக் கம்பியும் துருவற்றது எனச் செயலணி நேரில் வந்து பார்த்து உறுதிப்படுத்தும்வரை கொங்கிரீட் இடலாகாது என்பது அதன் கட்டளை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நாட்டில் எதுவும் கேட்பதற்கு அநியாயமாக ஆரம்பிப்பதில்லை.

செயலணியின் பிரதிப் பணிப்பாளர் கஜேந்திரன் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சப்பாத்து. கூடவே தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸம்சுதீன். எல்லோரும் டீ.ஓ. என்று கூப்பிடுவார்கள்.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மழை விட்ட மறுநிமிஷம் எங்கள் மலையில் புல்லுக்குப் புல் அட்டை நிமிர்ந்து நிற்கும். நாங்கள் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு போய்விடுவோம். கடித்தால் பிடுங்கி எறிவோம். ஆனால் பெரிய மனிதர்கள் வந்தால் அப்படி விடமுடியாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே பெரியவர்கள் கால் வைக்கிற இடத்துக்கெல்லாம் முன்கூட்டியே உப்புத் தூவுவது மரியாதை. அதிலும் பெரிய கிளாக்கர் குமாரவேல் மரியாதையில் குறை வைக்காதவர். கடைவீதியில் இருந்து மூட்டையாக உப்பு எடுப்பித்து, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கட்டடம் வரைக்கும் தூவினார். கம்பி அடுக்கியிருந்த இடத்தைச் சுற்றித் தூவினார். கஜேந்திரன் சார் நின்று பேசுவதற்கு மேடான இடம் மணற்குவியல்தான் என்பதால் அதன் மேல் இரட்டிப்பாகத் தூவினார்.

கஜேந்திரன் சார் மணற்குவியலில் ஏறி நின்று கம்பியைப் பார்த்தார். டீ.ஓ. குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சார், லேசா செங்கல் நிறம் தட்டியிருக்கு. மழைல நனைஞ்சது. இதால ஒண்டும் ஆகாது. பிரஷ்ஷால ஒரு தேய் தேய்ச்சிட்டு, கம்பிக்கு நாலு பக்கமும் ரெண்டு விரல்கடை கொங்கிரீட் நிக்கிற மாதிரி ஊத்தினாச் சரி. பொறகு சீமெந்தே கம்பியப் பாத்துக்கொள்ளும். நாளைக்கே ஊத்தலாம்."

கஜேந்திரன் சார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மிஸ்டர் ஸம்சுதீன், நீங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கூட்டத்துக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து குழப்பவேண்டாம். துரு காணப்படுகிறது. ஆகவே கண்காணிப்பு அவசியமாகிறது."

அவர்கள் போன பிறகு மழை பெய்தது. சப்ரகமுவ மழைக்குச் சொல்லவா வேண்டும்? உப்பெல்லாம் கரைந்து கம்பிக்கும் மணலுக்கும் இறங்கியது. அடுத்த மாதம் அவர்கள் வந்தபோது கம்பி செக்கச்செவேலென்று இருந்தது.

"பார்த்தீர்களா? செயலணி மட்டும் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்" என்றார் கஜேந்திரன் சார். நிலைமை கவலைக்கிடமானதால் கண்காணிப்பு வாரம் ஒருமுறை ஆக்கப்பட்டது. ஒரு ஜீப் மூன்று ஜீப்பாகியது. குமாரவேலின் ஒரு மூட்டை உப்பு ஐந்து மூட்டையாகியது. கண்காணிப்புக் கூடக் கூடத் துரு கூடியது. துரு கூடக் கூடக் கண்காணிப்புக் கூடியது. அரசாங்கமும் இரும்பும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோமா என்று கேட்பீர்கள். இருந்தோம். உப்பு என்றால் அட்டைக்கு என்றுதான் எங்கள் புத்திக்குத் தெரியும். அதற்கும் கம்பிக்கும் முடிச்சுப் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அட்டை குறைந்ததே என்று சந்தோஷப்பட்டோம்.

விஜயகலா ஒரு நாள் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்து ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், எப்பங்க ஸ்லாப் போடுவீங்க?"

"அவசரப்பட்டால் துரு வரும் அம்மா."

"பழைய காம்பராவுல இப்பவே வந்து விழுந்துகிட்டு இருக்குங்களே சார். எம் பிள்ள அதுக்கு அடியிலதான் கெடக்குது."

"அது பழைய துரு. எங்கள் செயலணியின் அதிகாரம் புதிய துருவுக்கு மட்டுமே உரியது."

"பழைய துருவுக்கு யாருங்க சார் பெரியவரு?"

"அதற்கு ஒரு செயலணி அமைக்கும்படி எங்கள் செயலணி பரிந்துரை செய்திருக்கிறது" என்றார் கஜேந்திரன் சார். விஜயகலா ஒதுங்கி வழிவிட்டாள். வேறு என்ன செய்வது?

கடைசியில் துருவின் மூலத்தை விஞ்ஞான ரீதியாக அறிய வேண்டும் என்று ஒரு துண்டுக் கம்பியும் ஒரு பை மணலும் கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போயின. பதில் வந்தது: இரண்டிலும் உப்பு நிறைய இருக்கிறது, கடற்கரைக் கட்டடங்களில்தான் இந்த அளவுக்கு இருக்கும். அதைப் பரிசீலிக்கப் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற திடலில், கூட்டம் கூடியது. பந்தல் போட்டிருந்தார்கள். உப்பும் போட்டிருந்தார்கள்.

"உப்பு எங்கே இருந்து வரும்?" என்று கஜேந்திரன் சார் தொடங்கினார்.

"கடல்ல இருந்துங்க சார்" என்றார் குமாரவேல்.

"சரி. இங்கே உப்பு இருக்கிறதா?"

"இருக்குங்க சார்."

"ஆகவே?"

எங்களுக்கு ஆகவேயெல்லாம் பழக்கமில்லை.

"ஆகவே இங்கே கடல் இருக்கிறது" என்று அவரே முடித்துவைத்தார்.

எங்கள் கங்காணி கந்தையா மெல்ல எழுந்தார். "சார், நாங்க பொறந்ததுலேருந்து இங்கதானுங்க இருக்கோம். ஒரு நாளும் கடலப் பாத்ததில்லீங்களே."

"நீங்கள் பார்க்காதது கடலின் குற்றமாகாது."

டீ.ஓ. ஸம்சுதீன் பொறுக்கமாட்டாமல் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். "சார், கடல் எங்கேயோ அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கு. நடுவுல ஒரு மாகாணமே இருக்கு."

"அந்தப் படம் வரைந்தது காலநிலை மாற்றத்துக்கு முன்பா, பின்பா?"

டீ.ஓ. உட்கார்ந்துவிட்டார். காலநிலை மாற்றம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தலையாட்டுவதுதான் இப்போதைய நாகரிகம். எல்லோரும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வல்கொல்லைத் தோட்டம் விசேட கரையோர வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் கம்பம் நட்டு, 'பேரலை வந்தால் மேலே ஓடவும்' என்று அம்புக்குறியோடு பலகை மாட்டினார்கள். அதே கம்பத்தில் ஏற்கனவே மண்சரிவுக்காரர்கள் மாட்டிய 'மழை பெய்தால் கீழே ஓடவும்' என்ற பலகை இருந்தது. இரண்டு திணைக்களத்துக்கும் வஞ்சகம் செய்யக்கூடாது என்று நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

கரையோரம் என்றால் கரையோரச் சட்டமும் வரும் அல்லவா? நீர் விளிம்புக்குப் பக்கத்தில் நிரந்தரக் கட்டடம் கட்டலாகாது. எங்கள் ஓயா, கடலின் ஒரு நீட்சி எனத் தீர்மானிக்கப்பட்டது. புதிய பிள்ளைக் காம்பரா அதன் கரையில் நிற்பதால் ஸ்லாப் போடக்கூடாது. பழைய காம்பரா சட்டத்துக்கு முன்பே கட்டியதால் இடிக்கக்கூடாது. இடிக்கக்கூடாத கட்டடம் என்பதால் அதில் கை வைத்துத் திருத்தவும் கூடாது. விழுகிற துண்டுகள் தாமாக விழுவதற்குத் தடையில்லை.

இதற்குள் கடல் ஊரெல்லாம் பிரபலமாகிவிட்டது. கொடகவெல கடைவீதியில் கொத்து ரொட்டிக் கடை ஒன்று 'கடற்காற்று உணவகம்' ஆகியது. இளவட்டங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குமாரவேல் தூவிய உப்பின் மேல் படுத்துப் படம் பிடித்துப் போட்டார்கள். கடலே தெரியவில்லையே என்று கேட்டவர்களுக்கு, இப்போது கடல் வற்றியிருக்கிறது, பின்னேரம் வரும் என்று பதில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்து, கடலைப் பார்க்காமல் திரும்பி, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு வந்தது கடற்றொழிலாளர் நிவாரணம். உலர் உணவுப் பொதி, வலை, குடும்பத்துக்கு ஒரு சின்ன பைபர் படகு. அதுவரை கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அன்றோடு சிரிப்பதை நிறுத்தினோம்.

"கித்துல்கல ஆத்துல வெள்ளக்காரன் காசு குடுத்துப் படகுல போறான். நமக்குச் சும்மா குடுக்கிறாங்க. வேணாம்னு சொல்றவன் மடையன்" என்றார் கந்தையா கங்காணி. சொன்ன சூட்டோடு வல்கொல்லை மலைசார் மீனவர் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு லயம் போய் எல்லார் பெயரையும் பதிந்தார். விஜயகலாவின் பெயரையும் பதிந்தார்.

எங்களைக் குறை சொல்லாதீர்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒரு துண்டுக் காணி கேட்கிறோம். பார்க்கலாம், பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். படகைக் கேட்காமலே லொறியில் ஏற்றி, மலை ஏறி, வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். யாராவது எங்கள் வாசல் வரைக்கும் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. படகில் சிலர் விறகு அடுக்கினார்கள். சிலர் கோழி அடைத்தார்கள். என் படகில் மிளகாய் காய்ந்தது.

இப்படி எல்லோரும் மீனவர்களாகிச் சுகமாக இருந்த காலத்தில்தான் ஒரு நாள் முற்பகல், கருப்பாயி அக்கா மதுஷாவைத் தொட்டிலிலிருந்து எடுத்துச் சோறூட்ட மடியில் வைத்தார். பின்னால் பெருஞ்சத்தம். கூரையிலிருந்து அம்மிக்கல் அளவுத் துண்டு ஒன்று விழுந்து, அதே தொட்டிலின் சேலையைக் கிழித்துக்கொண்டு தரையில் கிடந்தது.

விஜயகலா மலையிலிருந்து ஓடிவந்தாள். கூடை தலையில் தொங்கியபடியே இருந்தது, கொழுந்து வழியெல்லாம் சிந்தியிருந்தது. பிள்ளையை வாங்கி, கையைத் தொட்டு, காலைத் தொட்டு, தலையைத் தொட்டு, பிறகுதான் அழுதாள். அழுது முடித்ததும் அந்தத் துண்டைக் கிழிந்த சேலையிலேயே முடிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கு அந்த சார் வருவாருல்ல" என்றாள்.

அன்று வந்தது அவர் மட்டுமல்ல. ஆய்வுகூடத்திலிருந்து நிரோஷா என்ற அம்மணியும் வந்திருந்தார். மலைத்தோட்டத்து மணலில் இவ்வளவு உப்பு எப்படி என்று அவருக்குத் தூக்கமில்லையாம். ஜீப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் குமாரவேல் ஓடிவந்து, குனிந்து, அந்தக் காலைச் சுற்றி வெள்ளையாக எதையோ அள்ளித் தூவினார்.

"இது என்ன?" என்றார் நிரோஷா.

"உப்புங்க மிஸ். அட்டை வராம."

"எப்பவும் போடுவீங்களா?"

"பெரியவங்க வந்தாப் போடாம இருப்போமாங்க மிஸ்? இங்க, கம்பிகிட்ட, மணலு மேல, எல்லா எடத்துலயும் போட்டிருவேன். ஒரு குறையும் வெக்கமாட்டேன்."

நிரோஷா உப்பைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். மணற்குவியல் உச்சியில் நின்ற கஜேந்திரன் சாரைப் பார்த்தார். பிறகு ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அழுகையாக முடியுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

பெரட்டுக் களத்தில் அவர் எல்லோருக்கும் சொன்னார். "இங்க கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவர் போட்ட உப்புதான். சீமெந்து கம்பிக்கு ஒரு போர்வை மாதிரி. அது நல்லா இருந்தா துரு கிட்ட வராது. ஆனா உப்பு அந்தப் போர்வைக்குள்ளேயே போய் உக்காந்துக்கும். இந்த மணலைப் போட்டு ஊத்தினா புதுக் கூரையும் பழசு மாதிரி உள்ளேயிருந்தே தின்னுக்கிட்டு வரும். உப்பை நிப்பாட்டுங்க. இந்த மணலைத் தூக்கிக் கொட்டிட்டு வேற எடுங்க. கம்பியை நல்ல தண்ணில கழுவித் தேய்ச்சு, குழி விழுந்ததைத் தள்ளிட்டு மிச்சத்தைக் கட்டுங்க. இந்த மாசத்துக்குள்ள பிள்ளைங்க புதுக் கூரைக்குக் கீழ வந்துரலாம்."

விஜயகலாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. முடிச்சை அவிழ்த்து, கொங்கிரீட் துண்டை மேசை மேல் வைத்தாள். "சார், இது இன்னைக்கு எம் பிள்ள தொட்டில்ல விழுந்தது. மிஸ் சொன்ன மாதிரியே செய்யுங்க சார். கும்பிட்டுக் கேக்கிறேன்."

கஜேந்திரன் சார் துண்டை ஒரு விரலால் தள்ளிவைத்தார். பிறகு மிக அன்பாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"அம்மணி சொல்வதை ஏற்கத் தயார். செயலணிக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை. ஆனால் உப்பு கடலில் இருந்து வரவில்லை என்றால் இங்கே கடல் இல்லை. கடல் இல்லை என்றால் மீனவர் இல்லை. மீனவர் இல்லை என்றால் படகையும் வலையையும் மீள ஒப்படைக்க வேண்டும். உணவுப் பொதியும் நின்றுவிடும். நாம் ஜனநாயக நாட்டில் இருக்கிறோம். முடிவை உங்களிடமே விடுகிறேன். கடல் வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்."

விஜயகலா கையை உயர்த்தினாள். உயர்த்திய கையோடு சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்களின் பிள்ளைகளும் அதே காம்பராவில்தான் கிடக்கின்றன. அவர்கள் கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். டீ.ஓ. ஸம்சுதீனைப் பார்த்தாள். அவருக்குக் கரையோரக் கடமைப் படி கிடைக்க ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. அவர் வானத்தைப் பார்த்தார். நான் என் மிளகாயை நினைத்துக்கொண்டேன்.

"ஒருவர் நீங்கலாக ஏகமனதாகக் கடல் நிலைநிறுத்தப்பட்டது" என்று கஜேந்திரன் சார் அறிவித்தார். நிரோஷா ஜீப்பில் போய் ஏறினார். குமாரவேல் அவர் போகிற வழிக்கும் உப்புத் தூவினார்.

"நாளைக்குக் காலையில பிள்ளைகள எங்க விடுவீங்க?" என்று விஜயகலா கேட்டாள். கந்தையா கங்காணிதான் பதில் சொன்னார். "அதே காம்பராவுலதான் புள்ள. வேற எங்க விடுறது?"

அவள் லயத்துக்குப் போனாள். தன் வாசலில் கிடந்த படகைத் தனியாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். பார்க்கச் சகிக்காமல் நாலு பெண்கள் போய்ப் பிடித்தார்கள். காம்பராக் கதவைக் கழற்றி, படகை உள்ளே கொண்டுபோய், நான்கு மூலைக்கும் கட்டுக்கல்லை முழங்கால் அளவுக்கு அடுக்கி, அதன் மேல் படகைக் கவிழ்த்து வைத்தாள். கீழே பாயை விரித்து மதுஷாவை விட்டாள். பிள்ளை தவழ்ந்துபோய்ப் படகின் உட்பக்கத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் மற்ற அம்மாமாரும் தங்கள் படகுகளோடு வந்துவிட்டார்கள். கோழிகளை வெளியே விரட்டிவிட்டுக் கொண்டுவந்தார்கள். வாரம் முடிவதற்குள் காம்பரா நிறையக் கவிழ்ந்த படகுகள். கருப்பாயி அக்கா குனிந்து குனிந்து பாட்டுப் பாடினார்.

கஜேந்திரன் சார் இதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தார். நாங்கள் பயந்துபோனோம். ஆனால் அவர் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பியே இல்லாத கூரை! கம்பி இல்லாத இடத்தில் துரு எப்படி வரும்? செயலணியின் நோக்கம் முழுமையாக நிறைவேறிவிட்டது!"

காம்பரா வாசலிலேயே பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். துருப்பிடிக்காத முதலாவது பிள்ளைக் காம்பரா என்று எங்கள் தோட்டத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். மற்றத் தோட்டங்களுக்கும் இத்திட்டம் விஸ்தரிக்கப்படும் என்றார்கள். புதிய காம்பரா இனித் தேவையில்லை என்பதால் அதற்கு ஒதுக்கிய பணம் கேடயத்துக்கும் பந்தலுக்கும் பயன்பட்டது. கஜேந்திரன் சார் பேசிக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து ஒரு துண்டு விழுந்து, ஒரு படகின் முதுகில் மோதி, உருண்டு தரைக்கு வந்தது. ஒரு பிள்ளையும் விழிக்கவில்லை. "பார்த்தீர்களா?" என்றார் அவர். நாங்கள் கை தட்டினோம்.

விஜயகலாவை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சார், எம் பிள்ள இப்ப தவழுதுங்க. அதனால சரியா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல எந்திரிச்சு நிப்பாளுங்களே. நின்னாத் தலை இடிக்குமே சார். அப்ப என்னங்க செய்றது?"

நியாயமான கேள்வி. கஜேந்திரன் சாரும் அதை உணர்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு குசுகுசுவென்று ஆலோசித்தார். பிறகு முகம் மலர எழுந்தார்.

"எழுந்து நிற்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பெரிய படகு வழங்கப்படும். விண்ணப்பங்கள் நாளை முதல் ஏற்கப்படும்."

மறுநாள் விடியற்காலையிலேயே தோட்ட ஆபீஸான கந்தோர் வாசலில் வரிசை நின்றது. பிள்ளை உள்ளவர்கள் நின்றார்கள். பிள்ளை இல்லாதவர்களும் நின்றோம். எல்லோருக்கும் முன்னால், மதுஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விஜயகலா நின்றாள். அவளும் என்ன செய்வாள்? பிள்ளை வளர்கிறதே.